பிறவித் தூய்மைப் பிரிவு

மழலைத் திரை விலக்கு வாரியத்தின் காத்திருப்புக் கூடத்தில் சுவரின் பாதியை ஒரு திரை அடைத்துக்கொண்டிருந்தது. திரை பார்க்கும் குழந்தைகளுக்கு என்னென்ன கேடு வரும் என்று அதில் ஒரு படம் ஓயாமல் ஓடியது. நல்ல படம். ஒரு சித்திரக் குழந்தை கண் சிவந்து, தலை பெருத்து, பாட்டுப் பாடிக்கொண்டே கெட்டுப்போனது. கூடத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்து அதைப் பார்த்தன. பெற்றோர் "பாக்காத, பாக்காத" என்று அவற்றின் கண்ணைப் பொத்திவிட்டுத் தாங்கள் பார்த்தார்கள். பார்க்காமல் இருக்கவும் முடியாது. அடுத்து யார் உள்ளே போக வேண்டும் என்பதும் அந்தத் திரையில்தான் வரும்.

அவளும் மகளின் கண்ணைப் பொத்தியிருந்தாள். மகளுக்கு மூன்றரை வயது. உருவத்துக்கும் காரத்துக்கும் பொருத்தமாக வீட்டில் மிளகு என்று கூப்பிடுவார்கள். விரல் இடுக்கு வழியாக மிளகு படம் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் விரலை நெருக்கவில்லை. நெருக்கினால் மிளகு கத்துவாள். கத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவளுக்குச் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியாகக் கடிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கூடவே அழைத்துப்போய், மேசைக்கு அடியில் உட்காரவைத்து, கையில் போனைக் கொடுத்துவிடுவாள். போனில் ஒரு நீல வாத்து பாடும். வாத்து பாடும்வரை மேசைக்கு அடியில் பிள்ளை இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒருநாள் போனில் சார்ஜ் தீர்ந்து வாத்து பாதிப் பாட்டில் செத்துப்போனது. மிளகு வெளியே வந்தாள். யாரோ ஒரு பெரியவருக்காக முடித்து வைத்திருந்த மேல் வரிசையை எடுத்து வாயில் மாட்டிக்கொண்டு, வாத்து மாதிரி கூடம் முழுக்க நடந்தாள். அந்த நேரம் பார்த்துப் பெரியவரும் பல் வாங்க வந்திருந்தார்.

"மாசக் கடைசிக்குள்ள பிள்ளைய ஒரு காப்பகத்துல சேத்துரும்மா" என்றார் முதலாளி. "இல்லன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காத. எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு."

எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் வாசலிலேயே கேட்டார்கள்: வாரியத்தின் திரைத் தூய்மைச் சான்று இருக்கிறதா?

அதனால்தான் இங்கே வந்திருக்கிறாள். புதுப் பல் கட்டியவரின் நாக்கு ஓயாமல் அந்த இடத்தையே தடவுவதுபோல, அவள் மனமும் ஒரே இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. மிளகு வாத்தைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவாள். வாத்தைப் பார்த்துக்கொண்டேதான் தலைவாரிக்கொள்வாள். வாத்து இல்லாமல் இந்தப் பிள்ளையை அவள் எப்படி வளர்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

அவளுக்கு முன்னால் ஒரு அப்பா உள்ளே போயிருந்தார். கதவு திறந்தே இருந்ததால் பேச்சு கேட்டது.

"உங்க பையன் திரை பாப்பானா?"

"சாப்பிடறப்ப மட்டும் கொஞ்சம் பாப்பான் சார்."

"கொஞ்சமா? 'கொஞ்சம்' பிரிவு மூணாவது மாடி. மறுவாழ்வு வகுப்பு. அடுத்த வருஷம் இடம் காலியாகும், வாங்க."

அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார். உண்மை சொன்னவரின் கதி அதுதான் என்று அவள் பார்த்துக்கொண்டாள்.

அவள் உள்ளே போனபோது பிரிவு அலுவலர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாப்பா திரை பாக்குமா?"

"பாத்ததே இல்லீங்க."

அலுவலர் இப்போது நிமிர்ந்தார். "பாத்ததே இல்லையா?"

அத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள். "அப்படின்னா என்னன்னே அவளுக்குத் தெரியாதுங்க" என்றாள்.

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார், எழுந்து நின்றார், மணியை அடித்தார். "பிறவித் தூய்மை!" என்று பக்கத்து அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். பிறகு அவளிடம் தழுதழுத்தார். "அம்மா, இந்தப் பிரிவு ஆரம்பிச்சதுலருந்து ஒருத்தர்கூட வரல. இதுக்குன்னு தனி அறை, தனி ஆள். வேலையே இல்லாம அந்த ஆள் பாவம், நாள் பூரா போனையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. இன்னிக்குத்தான் அவருக்கு விடிவுகாலம்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆனா, ஆதாரம் வேணும்" என்றார் அலுவலர்.

"இல்லாததுக்கு எப்படிங்க ஆதாரம்?"

"நல்ல கேள்வி. திரை இல்லாம குழந்தை என்ன பண்ணுதுன்னு தினம் ஒரு சின்ன வீடியோ படம் எடுத்து அனுப்புங்க. இலையப் பாக்கணும். மண்ணுல விளையாடணும். பூச்சி ஒண்ணு வந்தா நல்லது. முக்கியமா வியப்பு. முகத்துல வியப்பு தெரியணும். போன் மட்டும் தெரியக் கூடாது."

"போன்லதான எடுக்கணும்?"

"எடுங்க. தெரியக் கூடாது. அது போன்னு குழந்தைக்கும் தெரியக் கூடாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. நாங்க யாரையும் நம்பக் கூடாதுன்னு விதி. பதிவுதாம்மா எல்லாம். என்னையே எடுத்துக்கோங்க. எங்கம்மா என்னைய மண்ணுலதான் வளத்தாங்களாம். ஒரு படம் கிடையாது. நான் நல்லா வளந்தேன்னு யார் நம்புவா? நானே நம்பறதில்ல."

அவள் கணவன் லிப்டு பழுதுபார்ப்பவன். அன்று மாலை கையில் கிரீஸோடு வீட்டுக்கு வந்து, கதை முழுவதையும் கேட்டுவிட்டுக் கையைக் கழுவ மறந்து நின்றான்.

"என்னன்னே தெரியாதுன்னு சொன்னியா? ஏம்மா, என் போன் பூட்டிக்கிட்டப்ப அதத் தொறந்து குடுத்ததே இவதானே?"

"வாயில வந்துருச்சுங்க."

"முழுப் பூசணிக்காயக்கூட மறைச்சிடலாம். இது பாடுற வாத்து. எங்க மறைப்ப?"

"கிண்டல் பண்ணாதீங்க. எனக்கு வேலை போயிரும்."

அவன் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. மறுநாள் காலை வாசல் செடிக்குப் பக்கத்தில் மிளகை உட்காரவைத்தார்கள். அவன் ஒரு இலையைப் பிடித்துக்கொண்டான். அவள் போனைப் பிடித்தாள். மிளகு இலையைப் பார்த்தாள், அதை விரலால் வலமிருந்து இடமாகத் தள்ளினாள். அடுத்த இலை வரவில்லை. "இது வேலை செய்யல" என்று எழுந்து போய்விட்டாள்.

அதை அனுப்ப முடியாது. மறுபடி எடுத்தார்கள்.

வாரியத்திலிருந்து உடனுக்குடன் பதில் வந்தது. பிறவித் தூய்மை அறையில் சும்மா இருந்த ஆளுக்கு இப்போது அவர்களைத் தவிர வேறு வேலை இல்லை. "வியப்பு போதவில்லை." "மண் மிகவும் சுத்தமாக உள்ளது." "தந்தையின் கை தெரிகிறது. இயற்கை தானாக நிகழ வேண்டும்." ஒருநாள் மிளகு குழாயடிச் சேற்றில் நிஜமாகவே விழுந்து புரண்டு எழுந்தாள். அவர்கள் மகிழ்ச்சியோடு அதை அனுப்பினார்கள். "சேறு ஏற்கத்தக்கது. குழந்தை சேற்றை அனுபவிக்கவில்லை."

மாடி வீட்டு அக்காவுக்கு இதில் எல்லாம் கரை கண்ட அனுபவம். அவள் மகனுக்கு வேறொரு பிரிவில் சான்று எப்போதோ வந்துவிட்டது. ஒரு சோப்பு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"நத்தை" என்றாள். "என் பையன் சான்று வாங்கினதே இதாலதான். வெச்சுக்கோ, முடிஞ்சதும் குடுத்துரு. எதிர் வீட்டுல கேட்டிருக்காங்க."

"கடிக்குமா அக்கா?"

"அதுக்கு எங்கடி நேரம்? எத்தனை வீடு ஏறி இறங்குது!"

நத்தை களைத்துப் போயிருந்தது. ஓட்டைவிட்டு வெளியே வரவே மறுத்தது. கணவன் அதன் மேல் தண்ணீர் தெளித்தான். நல்ல வார்த்தை சொன்னான். கடைசியில் கொம்பு ஒன்று வெளியே வந்தது. "ஐ!" என்றாள் மிளகு. அனுப்பினார்கள். பதில் வந்தது: "இந்த நத்தை ஏற்கெனவே பல குழந்தைகளை வியப்பில் ஆழ்த்தியுள்ளது. புதிய உயிரினம் தேவை."

"நத்தைய அடையாளம் கண்டுபிடிக்கறான் பாரேன்" என்றான் கணவன். "என் பக்கத்துல நின்னு வேலை பாக்கறவனுக்கு என் மூஞ்சி தெரியாது."

மிளகுக்கு நாளடைவில் வேலை பிடிபட்டுவிட்டது. எங்கே உட்கார வேண்டும், எப்போது "ஐ" சொல்ல வேண்டும், கண்ணை எவ்வளவு விரிக்க வேண்டும் என்று அவளே பார்த்துக்கொண்டாள். ஆனால் சும்மா செய்ய மாட்டாள். முதலில் வாத்து. முடிந்ததும் வாத்து. சரியாக வராமல் மறுபடி எடுக்க வேண்டியிருந்தால் அதற்குத் தனி வாத்து. திரையே பார்க்காத குழந்தை என்று காட்டுவதற்காக, முன்பு சாப்பிடவும், தலைவாரவும், மேசைக்கு அடியில் இருக்கவும் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை இப்போது கண் விழித்ததிலிருந்தே பார்த்தாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்க வேண்டும் என்று தோன்றும். தடுத்தால் நாளைக்குப் படம் இருக்காது. படம் இல்லையென்றால் காப்பகம் இல்லை, வேலை இல்லை. மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தினமும் அக்காவிடம் கெஞ்சி விட்டுவிட்டு வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒரு விடுமுறை நாள் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தொட்டியிலிருந்து ஒரு சோப்பு நுரைக் குமிழ் பிரிந்து எழும்பியது. மிளகு பக்கத்தில் நின்றிருந்தாள். குமிழ் அவள் மூக்குக்கு நேரே வந்து நின்று, சன்னல் வெளிச்சத்தில் பச்சையாகி, ஊதாவாகி மிதந்தது. மிளகு மூச்சுவிடவில்லை. "ஐ" சொல்லவில்லை. கண்ணை விரிக்கவில்லை. முகத்தில் என்ன இருந்தது என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. அப்படி ஒரு முகத்தை மகளிடம் அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஈரக்கையோடு ஓடிப்போய்ப் போனை எடுத்து வந்தாள்.

அதற்குள் குமிழ் உடைந்துவிட்டது. மிளகு போனைப் பார்த்தாள். உடனே கண்ணை விரித்து, வாயை வட்டமாக்கி, குமிழ் இருந்த வெற்றிடத்தைக் காட்டி, "ஐ!" என்றாள். பிறகு கேட்டாள்: "எடுத்துட்டியா?"

அந்தப் படத்துக்குத்தான் வாரியம் "மிகச் சிறப்பு" என்று பதில் அனுப்பியது. காற்றையே கண்டு வியக்கும் குழந்தையை இதுவரை பார்த்ததில்லையாம். இறுதி நேர்காணலுக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

கணவனுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. அவள் மட்டும் மகளை அழைத்துக்கொண்டு போனாள். நேர்காணல் மேல்தளத்தில். லிப்டு வாசலில் காவலர் கையை நீட்டித் தடுத்தார்.

"எந்தப் பிரிவும்மா?"

"பிறவித் தூய்மைங்க."

"அப்ப படிதான். லிப்டுக்குள்ள மாடி எண் காட்டுற சின்னத் திரை இருக்கு. பாப்பா பாத்துட்டா போச்சு, எல்லாம் வீணாயிரும்." உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

படி ஏறினார்கள். புதுச் செருப்பு மிளகுக்குச் சற்றுப் பெரிது. கடைசித் திருப்பத்தில் கால் தடுக்கி முன்னே விழுந்தாள். முழங்கால் கல் விளிம்பில் உரசி, தோல் வழன்று, ரத்தம் பொட்டுப் பொட்டாக எட்டிப் பார்த்தது.

அவள் மண்டியிட்டு மகளைத் தூக்கினாள். மிளகின் உதடு துடித்தது. கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழவில்லை. அழுகையை வாய்க்குள் பிடித்து வைத்துக்கொண்டு அம்மாவின் வெறும் கையைப் பார்த்தாள்.

"போன எடும்மா. அழணும்."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் மகளை இறுக்கிக்கொண்டாள். "போன் வேணாம்டா செல்லம். வலிக்குதுல்ல? அழு."

மிளகு நம்ப முடியாமல் பார்த்தாள். "சும்மாவா?"

மேலே கதவு திறந்தது. "பிறவித் தூய்மை, உள்ள வாங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள். அவள் சேலைத் தலைப்பால் முழங்காலை ஒற்றினாள். மிளகு மூக்கை ஒருமுறை உறிஞ்சி, அழுகையை விழுங்கிவிட்டு, தானே எழுந்து நடந்தாள்.

அறையில் வாரியத் தலைவி நடுவில் இருந்தார். பக்கத்தில் பிரிவு அலுவலர். எதிர்ச் சுவரில், கூடத்தில் இருந்ததைவிடப் பெரிய திரை. மிளகுக்கு இலைச் சித்திரம் தைத்த துணி ஒன்றைக் கண்ணில் கட்டிவிட்டார்கள். விளக்கை அணைத்தார்கள். இலை, சேறு, நத்தை, காற்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. சுவர் முழுக்க மிளகின் முகம். துணிக்குப் பின்னாலிருந்து, தன் குரல் வரும் இடங்களில் எல்லாம் கூடவே மெதுவாக "ஐ" சொல்லிக்கொண்டாள்.

விளக்கு எரிந்தபோது தலைவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "என்ன வியப்பு! நடிச்சாக்கூட இப்படி வராது. அம்மா, இந்த முகம் உங்க வீட்டோட நின்னுடக் கூடாது. நாட்டுல இருக்கற எல்லாத் திரையிலயும் வரணும். பெத்தவங்க தினம் பாக்கணும். குழந்தைங்களும் பாக்கணும். திரை பாக்காம இருக்கறதுன்னா என்னன்னு அவங்க வேற எங்க போய்ப் பாப்பாங்க?"

அலுவலர் சான்றை எடுத்து மேசையில் வைத்தார். முத்திரை ஏற்கெனவே குத்தியிருந்தது. கையை நீட்டினால் போதும்.

அவள் கையை நீட்டவில்லை. "இவ திரை பாப்பாங்க" என்றாள்.

"என்னது?"

"தினம் பாப்பா. சாப்பிட, தலைவார, நான் வேலை செய்ய, எல்லாத்துக்கும். இந்தப் படம் எடுக்கறதுக்காக இன்னும் ஜாஸ்தி பாக்கறா. நான்தான் குடுத்தேன். இப்ப கீழ விழுந்துட்டு அழக்கூட மாட்டேங்கறா. போன் வேணுங்கறா." வெளியே துரத்துவார்கள் என்று எதிர்பார்த்தாள். துரத்தினால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியது.

தலைவி கோபிக்கவில்லை. தாயைப்போலச் சிரித்தார். "அட அசடு. தெரியாதா எங்களுக்கு? என் பேரன் திரையப் பாக்காம தூங்கவே மாட்டான். இவர் பொண்ணு எப்படின்னு கேளுங்க."

"பாத்ரூமுக்கே கொண்டுபோவா மேடம்" என்றார் அலுவலர் பணிவாக.

"பாக்கறது பெரிய விஷயமில்லம்மா" என்றார் தலைவி. "பதிவு சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான். நீங்க இப்ப வாய்விட்டுச் சொல்லிட்டீங்களா, இனிமே பிறவித் தூய்மை ஆகாது. ஆனா பயப்படாதீங்க. 'மனம் வருந்திய பெற்றோர்'னு ஒரு பிரிவு இருக்கு. அதுலயும் சான்று உண்டு. இன்னிக்கே வாங்கிட்டுப் போகலாம்."

"நெஜமாவாங்க?"

"வருத்தத்துக்கு ஒரு ஆதாரம் வேணும். சின்னப் படம். இங்கயே எடுத்துருவோம். முகத்துல வருத்தம் தெரிஞ்சாப் போதும். கண்ணீர் வந்தா விசேஷம்."

அலுவலர் தன் போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "ம், வருந்துங்க."

அவள் முயன்றாள். நாள்கணக்காகச் சுமந்த வருத்தம்தான். பாத்திரம் கழுவும்போது, பேருந்தில் நிற்கும்போது, மெழுகில் பல் நடும்போது எல்லாம் கூப்பிடாமலே வந்து நின்ற வருத்தம். இப்போது கூப்பிட்டால் வரவில்லை. கண் வறண்டு கிடந்தது. சம்பந்தமில்லாமல் அந்த நத்தையின் ஞாபகம்தான் வந்தது.

"வருத்தம் போதலையேம்மா" என்றார் அலுவலர்.

மிளகு கண்துணியை எப்போதோ மேலே தள்ளிவிட்டிருந்தாள். அறையில் ஒரு போன் உயர்ந்திருப்பதைப் பார்த்தாள். ரத்தம் காய்ந்த தன் முழங்காலைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்ததை ஒரேயடியாக விட்டாள். அறை அதிர்ந்தது. முகம் சிவந்து, மூக்கு ஒழுகி, மூச்சு திரும்பாமல் விக்கி விக்கி அழுதாள்.

"அருமை!" என்று அலுவலர் போனைத் திருப்பினார். "மேடம், இது அம்மா வருத்தத்தவிட நல்லாருக்கு. பாதிக்கப்பட்ட குழந்தைன்னே போட்டுரலாம்."

"விடாதீங்க, எடுங்க" என்றார் தலைவி.

அவள் மகளை வாரி எடுத்து, முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள்.

"அம்மா, முகம் தெரியல. கொஞ்சம் இப்படித் திருப்புங்க."

அவள் திருப்பவில்லை.

"முகம் இல்லன்னா சான்று குடுக்க முடியாதும்மா. விதி. ஒரே நிமிஷம். பிள்ளை எப்படியும் அழுதுட்டுத்தானே இருக்கு?"

மேசையில் சான்று அப்படியே இருந்தது. முதலாளியின் முகம் அவள் நினைவுக்கு வந்தது. காலியாகப்போகும் தன் மேசையும் நினைவுக்கு வந்தது. மகளின் தலைக்குப் பின்னால் கையை வைத்து மறைத்துக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்தாள். பின்னால் அலுவலர், "'ஒத்துழைக்க மறுத்தோர்' பிரிவு கீழ்த்தளம்" என்று கூப்பிட்டுச் சொல்வது கேட்டது.

படியில் இறங்கும்போது தோளுக்குள்ளிருந்து விக்கலுக்கு நடுவே குரல் வந்தது.

"எடுத்துட்டாங்களா?"

"இல்லடி. யாரும் எடுக்கல."

மிளகு தலையைத் தூக்கிப் பார்த்தாள். அம்மாவின் இரண்டு கைகளும் தன்னைச் சுற்றியே இருந்தன. மேலே, கீழே, படியில் எங்கும் யாரும் இல்லை. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அழுகை இத்தோடு நின்றுவிடும், இதுவும் கற்றுக்கொடுத்த அழுகைதான் என்று அவளுக்குத் தோன்றியது.

மிளகு முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். "வலிக்குதும்மா" என்றாள். திரும்ப முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு, முன்னைவிட மோசமாக, அசிங்கமாக, அழத் தொடங்கினாள்.

காவலர் லிப்டு வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "ஐயோ, பாப்பாவுக்கு என்னாச்சு?" என்றார். தெருவுக்கு வந்தும் அழுகை ஓயவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாளைக்குப் பல் கூடத்தில் என்ன சொல்வது, கணவனிடம் என்ன சொல்வது, பிள்ளையை எங்கே விடுவது என்று எதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் மனத்தில் இருந்ததெல்லாம் வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம். பெற்ற பிள்ளை வலியில் கதறும்போது சந்தோஷப்படும் தாய் எந்தப் பிரிவில் வருவாள் என்று யோசித்தபடி, முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நடந்தாள்.